பித்தப்பை எடுத்த பிறகு வருவதெல்லாம் 'கேஸ்' இல்லை

"சின்ன ஆபரேஷன்தாங்க, மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம்." பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்துகொண்ட எல்லாரும் கேட்ட வசனம். ஆபரேஷனோடு எனக்குச் சண்டையில்லை. 1990-ல் மும்பையில் டாக்டர் உத்வாடியா இந்தியாவில் தொடங்கி வைத்த நல்ல காரியம் அது. என் சண்டை அந்த மூணாம் நாளுக்குப் பிறகு நடப்பதோடுதான்.

ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தநாளம் காயப்படுகிறது. இன்னும் சிலருக்குப் போட்ட கிளிப் நழுவி பித்தநீர் வயிற்றுக்குள் கசிகிறது, அல்லது நாளத்தில் கல் தங்கிவிடுகிறது. கை தேர்ந்த டாக்டரிடமும் நடக்கும். ஆனால் வயிறு உப்பி, காய்ச்சல் அடித்து, கண் மஞ்சளானவரிடம் "கேஸ்தான், நாலு நாள் பாருங்க" என்பதை எப்படி மன்னிப்பது? துபாயில் உட்கார்ந்து போனில் இதைக் கேட்டுவிட்டு நாமும் ஓமத் தண்ணீர் சிபாரிசு செய்கிறோம்!

1953-ல் பிரிட்டிஷ் அமைச்சர் ஆண்டனி ஈடனுக்கு லண்டனில் இதே காயம் பட்டது. பாஸ்டன் வரை போய் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலான கசிவுக்குக் கத்தியே வேண்டாம். இ.ஆர்.சி.பி. என்று, வாய் வழியே எண்டோஸ்கோப் விட்டு, பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தில் ஸ்டென்ட் வைப்பார்கள். பித்தநீர் அந்தச் சுலபமான வழியில் குடலுக்குப் போய்விடும், ஓட்டை தானே மூடும். உள்ளே தேங்கியதை ஸ்கேன் பார்த்து ஊசிக்குழாயில் வடிப்பார்கள். நாளம் முழுசாகத் துண்டாகியிருந்தால் மட்டும் கதை வேறு. அதை ஈரல் அறுவையில் பழகியவர்தான் தொட வேண்டும்.

கொழிஞ்சாம்பாறைக்காரருக்குக் கோயம்புத்தூர் பக்கம். மூணாறு, தேவிகுளம் எஸ்டேட் லயத்தில் இருப்பவருக்கு? ரயிலே இல்லாத மாவட்டம் இடுக்கி. காய்ச்சலோடு போடிமெட்டு வளைவுகளில் இறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ போக வேண்டும். 2014-ல் தொடங்கிய இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரி, அங்கீகாரச் சிக்கலில் நின்று, 2022-ல்தான் மறுபடி மாணவர்களைச் சேர்த்தது. அங்கே ஒவ்வொரு 'நாலு நாளும்' உயிர் விலை.

ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்: கசிந்தால் இ.ஆர்.சி.பி. இங்கேயே உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்? "நோயாளி பயந்துடுவார்" என்பார்கள். பயப்படட்டுமே, தெரிந்து பயப்படுவது நல்லதுதானே. ஸ்டென்ட் வைத்தால் எடுக்கும் தேதியையும் கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் நாலு முதல் எட்டு வாரம். பிள்ளைகள் விமானம் ஏறியதும் அதை மறந்து, அடைத்துக்கொண்டு குளிர்காய்ச்சலோடு திரும்புகிறவர்கள் உண்டு.