மூன்று வாரப் பயணமும் முப்பது ஆண்டுப் பாடமும்

சென்ற ஆகஸ்ட் விடுமுறையில், முன்னர் என்னிடம் பயின்ற மாணவர் இருவருடன் மூன்று வாரம் கிழக்குக் கரையோரமாகச் சுற்றிவரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கடலில் மூழ்கிப் பார்த்தல், காட்டிலே கிடக்கும் பழைய இடிபாடுகளைக் காணுதல், மணற்கரையிலே தங்குதல், பாய்மரப் படகிலே செல்லுதல் ஆகிய இந்நான்கையும் நாடியே உல்லாசப் பிரயாணிகள் பல்லாயிரம் மைல் கடந்து இத்தீவுக்கு வருகின்றனர். நமக்கோ இந்நான்கும் வாசலிலேயே கிடக்கின்றன. முப்பது ஆண்டு தமிழாசிரியனாக இருந்த நான் இவற்றுள் ஒன்றையேனும் சரிவர அறிந்திருக்கவில்லை என்பதை அந்த மூன்று வாரங்கள் எனக்கு உணர்த்தின. அந்த வெட்கமே இதனை எழுதத் தூண்டியது.

சோளகம் வீசும் காலத்தில், மே தொடக்கம் செப்டம்பர் வரை, தென்மேற்குக் கடல் கொந்தளிக்கக் கிழக்குக் கடல் குளம்போல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழாகிவிடும். இதனைப் புவியியல் நூலிலே படித்தவன்தான் நான். ஆயினும் நிலாவெளி மணலிலே நின்று, அசைவற்ற அந்த நீரைக் கண்டபோதுதான் படித்ததன் பொருள் விளங்கிற்று. அங்கிருந்து படகில் புறாத்தீவுக்குச் சென்றோம். 2003ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சிறு தீவு அது. எனக்கு நீந்தத் தெரியாது. மார்பளவு நீரிலே முகமூடியை மாட்டிக்கொண்டு தயங்கி நின்றேன். “பயப்பிடாதேங்கோ ஐயா, நான் கையைப் பிடிச்சிருக்கிறன்” என்றான் படகோட்டியின் மகன். பதினைந்து வயதுப் பையன். தலையைத் தாழ்த்தினேன்.

நான் கண்டதை வருணிக்க முற்படேன். கண்டவற்றுக்குப் பெயர் சொல்ல என்னால் இயலாது போயிற்று என்பதையே இங்கு சொல்ல வேண்டும். “பவளப் பாறைகள் அழகாய் இருக்கின்றன” என்றேன் கரையேறியதும். “முருகைக்கல்லைச் சொல்லுறீங்களோ?” என்று கேட்டான் பையன். பின்னர் பாறைக்கும் மீனுக்கும் நீரோட்டத்துக்கும் ஒவ்வொரு பெயராக அடுக்கிக்கொண்டு போனான். அவற்றுட் பாதியை நான் கேட்டதே இல்லை. வெளிறிக் கிடந்த ஒரு திட்டைக் காட்டி, “இது செத்தது” என்றான். நீர் அளவுக்கு மேல் வெப்பமுற்றால், முருகைக்கல்லின் உயிர் தன்னுள் வாழ்ந்து தனக்கு உணவூட்டும் நுண்ணிய பாசியை வெளியே தள்ளிவிடுகின்றது, நிறமும் போய்விடுகின்றது, வெப்பம் நீடித்தால் உயிரும் போய்விடுகின்றது. 1998ஆம் ஆண்டின் வெப்பம் இலங்கைக் கடலிலே பல முருகைத் திட்டுகளை இவ்வாறே அழித்தது. காரணத்தை நான் அறிவேன். பெயரை அவன் அறிவான். இருவர் அறிவும் ஓரிடத்திலே கூடவில்லை என்பதுதான் நம் கல்வியின் குறை.

மறுநாள் கோணேசர் மலையடிக்குச் சென்றோம். அம்மலைமீதிருந்த கோயிலைப் போர்த்துக்கேயர் 1622ஆம் ஆண்டிலே இடித்து, கற்கள் சிலவற்றைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். சில கடலில் வீழ்ந்தன. சம்பந்தர் பாடிய கோணமலைப் பதிகத்தை ஆண்டுதோறும் வகுப்பிலே விளக்கியவன் நான். ஆனால் அக்கற்கள் கடலடியிலே கிடப்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள் யார்? 1956ஆம் ஆண்டிலே இங்கு வந்து மூழ்கிப் பார்த்த ஆர்தர் ஸி. கிளார்க்கும் மைக் வில்சனுமே. மறு ஆண்டிலே கிளார்க்கின் நூலும் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கரையிலிருந்த நாம் பதிகத்தைப் பாடினோம். கடலுக்குள் இறங்கியவரோ அயல்நாட்டார்.

என்னுடன் வந்த மாணவருள் ஒருவர் முறையாக மூழ்கப் பயின்றவர். காற்றுக் கலத்தை முதுகிலே சுமந்து இறங்கினார். மேலே வந்தவரின் முகத்தில் வியப்பு நிறைந்திருந்தது. செதுக்கிய தூணொன்றைப் பாசி மூடக் கண்டாராம். அதனைச் சுற்றி மீன்கள் திரிந்தனவாம். ஆனால் அவர் அதனை எனக்குச் சொன்னது முழுவதும் ஆங்கிலத்திலேயே. தமிழிலே சொல்லும்படி கேட்டேன். இரண்டு வாக்கியம் சொன்னார்; மூன்றாவதிலே நின்றுவிட்டார். அவர் எனது மாணவர். குற்றம் அவருடையதன்று.

கடலிலிருந்து காட்டுக்குத் திரும்பினோம். திருகோணமலைக்கு வடமேற்கே, பெரியகுளத்துக்கு அண்மையில், மரங்களுக்கிடையே கிடக்கின்றது வெல்கம் விகாரை. அயலிலுள்ள தமிழர் இதனை நாதனார் கோயில் என வழங்கினர். சோழர் காலத்தில் இதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். இங்கு கிடைத்த தமிழ்ச் சாசனங்கள், இப்பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் முதலான கொடைகளை வழங்கியவர்களைக் குறிப்பிடுகின்றன. தமிழிலே எழுதப்பட்ட பௌத்தக் கொடை! அச்சாசனக் கல்லின் முன்னே நின்ற மாணவர் மெதுவாகக் கேட்டார்: “சேர், அப்ப இது ஆருடையது?”

வகுப்பறையிலாயின் விடை ஆயத்தமாக இருந்திருக்கும். அந்த இடத்தில் என் வாயில் எதுவும் வரவில்லை. பின்னர் பொலன்னறுவையில், வானவன்மாதேவி ஈச்சரம் எனும் சிவாலயத்தின் முன்னே நின்றபோதும் அதே வினா என் உள்ளத்தில் எழுந்தது. சோழர் கருங்கல்லால் எழுப்பிய அக்கோயில், அவர்தம் ஆட்சி 1070ஆம் ஆண்டளவில் ஒழிந்த பின்னரும், சிங்கள மன்னர்களின் தலைநகரிலே நிலைத்து நின்றது. கல் எவருக்கும் கட்சிக்காரன் அன்று. நாம் மேடையில் சொல்வதையும் பாடநூலிற் படிப்பதையும் அது சில வேளை ஆமோதிக்கும். சில வேளை மறுத்துவிடும். அதனை நேரிலே காணாதவனுக்குத் தன் நம்பிக்கையே வரலாறாகத் தோன்றும்.

இறுதி வாரத்தில், அன்பர் ஒருவரின் சிறு பாய்ப்படகிலே திருகோணமலை உட்துறைமுகத்தைச் சுற்றி வந்தோம். மீனவர் படகுகளில் இன்று இயந்திரமே ஒலிக்கின்றது, பாய் அருகிவிட்டது. பாய் விரிந்ததும் எனக்கு அன்னபூரணியின் நினைவு வந்தது. வல்வெட்டித்துறையிலே நம்மவர் கைகளால் கட்டப்பட்ட அந்தக் கப்பலை, சிறு படகிலே உலகைச் சுற்றி வந்தவரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். இச்செய்தியை நான் சொல்லக் கேட்டபோது இரு மாணவரும் நம்ப மறுத்தனர். நம் பிள்ளைகள் கொலம்பசை அறிவார்கள், அன்னபூரணியை அறியார்கள்.

இத்தீவைக் காண வந்தோர் யாவரும் எழுதிவைத்துச் சென்றனர். 1344ஆம் ஆண்டிலே வந்த இபின் பதூதா ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும் அவரிடம் முத்துக்களைக் கண்டதையும் எழுதினார். கிளார்க் கடலடியை எழுதினார். தமிழிலே பயண இலக்கியத்துக்கு வழிவகுத்த ஏ. கே. செட்டியார் உலகமெல்லாம் சுற்றி எழுதினார். நம் கிழக்குக் கடலையும் காட்டையும் தமிழிலே எழுதியவர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணுமளவுதானே இருக்கும்?

இதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் கடலையும் காட்டையும் நம்மவருக்கு மூடி வைத்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, கரையிலே பிறந்த பிள்ளைகளின் நெஞ்சிலும் கடலச்சத்தை விதைத்தது. பணமும் ஒரு தடைதான். பிரயாணிகள் தங்கும் விடுதியிலே ஆசிரியர் ஒருவர் தம் வேதனத்தைக் கொண்டு எத்தனை இரவு தங்க முடியும்? ஆயினும் நாங்கள் பெரும்பாலும் உறவினர் வீடுகளிலும் ஒரு பாடசாலை மண்டபத்திலுமே படுத்தோம், பேருந்திலே சென்றோம். மனமிருந்தால் மூன்று வாரம் வேண்டியதில்லை. மூன்று நாளும் போதும்.

ஆகவே ஆசிரிய அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கரையோரப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு முதலில் நீந்தக் கற்பியுங்கள்; நான் கற்காத பாடம் அது. விடுமுறையில் அவர்களை அயலிலுள்ள ஓர் இடிபாட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். விளக்கத்தைப் பின்னர் சொல்லலாம், முதலில் சாசனத்தை வாசிக்க விடுங்கள். முருகைக்கல்லை மிதிக்கவும் முறிக்கவும் விடாதீர்கள். மாணவரோ தத்தம் ஊர் மீனவரிடம் சென்று காற்றின் பெயரையும் பாறையின் பெயரையும் மீனின் பெயரையும் எழுதிக்கொள்ளட்டும். அத்தகைய குறிப்பொன்று, இலக்கண வழுவோடு வந்தாலும், இப்பக்கத்திலே இடம்பெறும்.

புறப்படும் நாளன்று படகோட்டியின் மகனிடம், அவன் சொன்ன பெயர்களையெல்லாம் ஒரு கொப்பியிலே எழுதித் தரும்படி கேட்டேன். “அதையெல்லாம் எழுதுறதோ ஐயா?” என்று சிரித்தான். எழுத வேண்டியவை எவை என்று அவனுக்கு நாம் கற்பித்த பாடம் அத்தகையது. அவன் சொல்லச் சொல்ல நானே எழுதிக்கொண்டேன். நாற்பத்திரண்டு சொற்கள். முப்பது ஆண்டுக்குப் பின்னர் நான் எழுதிய முதற் பாடக் கொப்பி அதுதான்.