கோழிக்கு விதி உண்டு, ஆமைக்கு இல்லை

விலங்குகளை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுசெல்ல இந்தியாவில் 1978 முதல் விதிகள் இருக்கின்றன. நாய், பூனை, குரங்கு, மாடு, குதிரை, ஆடு என்று தனித்தனி அத்தியாயங்கள். 2001-ல் கோழியும் பன்றியும் சேர்ந்துகொண்டன. ஒரு கூண்டில் எத்தனை குஞ்சுகளை அடைக்கலாம் என்பதற்கு அட்டவணையே உண்டு. குரங்குக்கான மரக்கூண்டு எப்படி இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். பாம்பு, ஆமை, பல்லி, முதலைக்கு இதுவரை ஓர் அத்தியாயம் இல்லை.

இது ஏட்டளவிலான குறை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் பிளாஸ்டிக் டப்பாக்களில் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் ஒரு டிராலி பையைத் திறந்தபோது 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும். 2025 ஜூனில் மும்பையில் பிடிபட்டவை விஷப் பாம்புகள். தாய்லாந்திலிருந்து வந்த பயணியின் பெட்டியில் 40-க்கும் மேற்பட்ட இந்தோனேசியக் குழிவிரியன்கள். நம் நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை முறிப்பதற்கானது. இந்தோனேசியக் குழிவிரியன் கடித்தால் அந்த மருந்தை நம்பிப் பயனில்லை. பெட்டியைத் திறந்த சுங்க ஊழியருக்கும், அதற்கு முன் அதைத் தூக்கிப் போட்ட சுமை தொழிலாளிக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று யார் சொன்னார்கள்?

கடத்தல்காரர்கள் விதியைப் பார்த்துப் பெட்டி கட்டுவதில்லை, உண்மைதான். ஆனால் ஊர்வன பயணம் செய்வது கடத்தலில் மட்டும் இல்லை. உயிரியல் பூங்காக்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்கின்றன. மாமல்லபுரம் அருகிலுள்ள சென்னை முதலைப் பண்ணையிலிருந்து குஜராத்தின் ஜாம்நகருக்கு ஆயிரம் முதலைகளை அனுப்ப அனுமதி கிடைத்து, அதை எதிர்த்த வழக்கு 2022-ல் உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகளில் பிடிபடும் பாம்புகளைத் தீயணைப்புத் துறையினரும் தன்னார்வலர்களும் தினமும் காட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். இவற்றோடு இப்போது புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் 2024-ல் வந்த விதிகளும், அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் பட்டியலிலுள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவுசெய்ய வேண்டும், கைமாறினால் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. எந்த வீட்டில் எத்தனை மலைப்பாம்பு என்று கணக்கெடுக்கும் அரசு, சேலத்தில் விற்ற மலைப்பாம்பு கோவைக்கு எந்தப் பெட்டியில் போக வேண்டும் என்று சொல்லவில்லை.

ஊர்வன விஷயத்தில் இந்த மௌனம் மிகவும் ஆபத்தானது. மோசமாக அடைக்கப்பட்ட குரங்கு சில மணி நேரத்தில் செத்துவிடும். தவறு உடனே தெரிந்துவிடும். பாம்பின் உடல் மெதுவாக இயங்குவது. பெட்டியைத் திறக்கும்போது நெளியும், நாக்கை நீட்டும், எல்லோரும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்கள். நீரிழப்போ நுரையீரல் அழற்சியோ அதை வாரங்கள் கழித்துக் கொல்லும். அப்போது அனுப்பியவரை யாரும் கேட்கப்போவதில்லை.

ஆமையைப் பாருங்கள். விலா எலும்புகள் ஓட்டோடு ஒட்டிப்போனவை என்பதால் நம்மைப் போல மார்பை விரித்து அதனால் மூச்சு விட முடியாது. வயிற்றுத் தசைகளையும் கால்கள் சேரும் இடத்துத் தசைகளையும் அசைத்துத்தான் நுரையீரலுக்குள் காற்றை இழுக்கிறது. நட்சத்திர ஆமைகளைக் கடத்துபவர்கள் தலையையும் கால்களையும் உள்ளே தள்ளி, சுற்றிலும் பிளாஸ்டர் ஒட்டிவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் அசைவு தெரியக் கூடாதாம். ஓடு பத்திரமாகத்தான் இருக்கும். உள்ளே மூச்சுக்குப் போராட்டம். தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் இந்த ஆமையை 2019-ல் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு உயர்த்தினார்கள். வணிகத்துக்காக எல்லை தாண்டவே கூடாது என்று பொருள்.

சரியாக அடைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாம்புக்குப் பருத்தித் துணிப் பை போதும். தையல் வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் பிரிந்த நூல் பல்லிலும் செதிலிலும் சிக்கும். பையின் வாயை முறுக்கி, மடித்து, அந்த மடிப்பின் மேல் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு பைக்கு ஒரு பாம்பு. பையை உறுதியான பெட்டிக்குள் வைத்து, உருளாதபடி சுற்றிலும் கசக்கிய தாள் வைக்க வேண்டும். காற்றுத் துளைகளை உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும், இல்லாவிட்டால் பிசிறு மூக்கைக் கிழிக்கும். கிளம்புவதற்கு முன் சில நாள் இரை கூடாது. குலுக்கலில் கக்கினால் பைக்குள்ளேயே மூச்சடைத்துப் போகும். தண்ணீர்க் கிண்ணமும் வேண்டாம், கவிழ்ந்து எல்லாவற்றையும் நனைத்துவிடும். ஆமைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. முதலைக்கு அது திரும்ப முடியாத அகலத்தில் மரப்பெட்டி, வாயில் கட்டு, மூக்குத்துளைகள் திறந்தபடி. விஷப் பாம்பு என்றால் பைக்கு மேல் திருகாணி போட்டு மூடிய பெட்டி, அதன் மேல் பெயரும் எச்சரிக்கையும். எதுவாக இருந்தாலும் வெயிலில் வைக்கக் கூடாது. வியர்த்து உடம்பைக் குளிர்விக்கத் தெரியாத உயிருக்கு, மே மாதத்துச் சென்னையில் ஓடுதளத்தோரம் காத்திருப்பதே மரண தண்டனை.

இதில் பாதியைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பழங்குடியினர் என்றைக்கோ செய்துகாட்டிவிட்டார்கள். 1978-ல், மேலே சொன்ன விதிகள் பிறந்த அதே ஆண்டில், தொடங்கப்பட்டது அவர்களுடைய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பிடித்த பாம்பு துணிப் பையில் வரும். வந்ததும் மண்பானைக்குப் போகும். பானையின் வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். உள்ளே இருட்டு, குளிர்ச்சி, காற்று. சில வாரங்கள் வைத்து விஷம் எடுத்தபின், அடையாளத்துக்கு வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு வைத்து மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்துக் கௌரவித்த அரசு, அவர்களை அழைத்து உட்காரவைத்து விதி எழுதியிருந்தால் கௌரவம் இன்னும் கூடியிருக்கும்.

விமானத்துக்கு வழிகாட்டி இருக்கிறது. உயிருள்ள விலங்குகளை ஏற்றுவதற்குப் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் ஒழுங்குமுறையில் ஊர்வனவற்றுக்கான பெட்டிகளும் அடங்கும். 1976-ல் இந்தியா சேர்ந்த சைட்ஸ் ஒப்பந்தமும், காயமோ நோயோ வதையோ நேராதபடி உயிரினங்களை அடைத்து அனுப்ப வேண்டும் என்கிறது. ரயிலுக்கும் பேருந்துக்கும் வேனுக்கும் நம்மிடம் இருப்பது 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம்தான். துன்பம் தரும்படி விலங்கைக் கொண்டுசெல்வது அதன்படி குற்றம். விலங்கு என்பதில் பாம்பும் அடங்கும். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. மலைப்பாம்பை விற்பவருக்கு இது டீச்செலவு.

விதி எழுதினால் செல்லப்பிராணி வியாபாரத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது போல ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. பாம்பையும் உடும்பினத்தையும் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் மோகத்தை இந்தப் பத்திரிகையும் ஆதரிக்கவில்லை. ஆனால் உடைமையை அங்கீகரிக்கும் வேலையை 2024-ம் ஆண்டுப் பதிவு விதிகள் ஏற்கெனவே செய்துவிட்டன. மிச்சமிருப்பது, அந்த உயிர் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்பது மட்டுமே. தவிர, திட்டமான பெட்டி அளவு என்று ஒன்று இருந்தால்தான் அதை மீறியவரைப் பிடிக்க முடியும். இன்றைக்கு ஐஸ்கிரீம் டப்பாவில் பாம்பைக் கொண்டுபோகிறவரிடம் எந்த விதியைக் காட்டி வழக்குப் போடுவது?

அரசும் இந்த விதிக்குள் வர வேண்டும். விமான நிலையங்களில் கைப்பற்றப்படும் வெளிநாட்டு உயிரினங்கள் பெரும்பாலும் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன. நோய் பரவும் அபாயத்தைப் பார்த்தால் அந்த முடிவைக் குறைசொல்ல முடியாது. ஆனால் டப்பாவில் பட்டினியாக வந்த உயிரை மறுபடி பயணத்துக்குத் தயார்செய்ய இடமும் கைப்பழக்கமும் வேண்டும். சென்னையில் இதற்குப் பஞ்சம் இல்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கிண்டி பாம்புப் பண்ணை, அந்தப் பக்கம் வண்டலூர் உயிரியல் பூங்கா, கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணை. சென்னையிலும் திருச்சியிலும் விமான நிலையத்தை ஒட்டி, வெப்பம் சீராக இருக்கும் ஓர் அறையும், அழைத்தால் வரும் கால்நடை மருத்துவரும், தைத்து வைத்த பைகளும் பெட்டிகளும் போதும். செலவைக் கடத்தியவரிடமே வசூலிக்கலாம். தமிழக வனத்துறையும் சுங்கத்துறையும் உட்கார்ந்து பேசினால் இந்த ஆண்டே முடியக்கூடிய காரியம் இது.

விதிகளில் ஊர்வனவற்றுக்கென ஓர் அத்தியாயம் சேர்க்கப் புதுச் சட்டம் தேவையில்லை. 1960-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒன்றிய அரசே அறிவிக்கை வெளியிடலாம். கோழிக்கும் பன்றிக்கும் 2001-ல் அப்படித்தான் செய்தார்கள். ஒன்றிய மீன்வளம், கால்நடை பராமரிப்பு அமைச்சகம் வரைவை வெளியிட்டு, மக்களிடம் கருத்துக் கேட்கும் வேலையை இனியும் தள்ளிப்போடக் கூடாது.