கெஸ் பண்ணுங்க பாஸ்!

உங்க பையில இருக்கற கால்குலேட்டரை எடுங்க. காசியோ 991 எம்.எஸ். அல்லது இ.எஸ்., எதுவா இருந்தாலும் ஓகே. ரேடியன் மோடுக்கு மாத்துங்க. ஒரு நம்பரைத் தட்டி ‘=’ அழுத்துங்க. அப்புறம் ‘காஸ் ஆன்ஸ்’னு அடிச்சு, ‘=’ பட்டனை மட்டும் தட்டிக்கிட்டே இருங்க. ஐம்பது, அறுபது தட்டல்ல 0.739085133-ல வந்து நின்னுடும். எந்த நம்பர்ல ஆரம்பிச்சாலும் அங்கேதான் வரும். ‘காஸ் எக்ஸ் = எக்ஸ்’ங்கற சமன்பாட்டுக்கு விடை அது. பேப்பர்ல இதை உடைச்சு எழுத வழியே இல்லை!

ஆக, புரோகிராமபிள் இல்லாத கால்குலேட்டர்லயே ஒரு வரி புரோகிராம் எழுதியாச்சு. நிஜ புரோகிராமபிள் மாடல்கள்ல நடக்கறதும் கிட்டத்தட்ட இதேதான். ஃபார்முலாவை ஒருமுறை மெமரியில போட்டுட்டா, ஒரு ‘கோடூ’ கட்டளை அதைத் திரும்பத் திரும்ப ஓட்டும். நம்ம ஊர் செமஸ்டர் ஹாலுக்குள்ள அதுக்கெல்லாம் தடா. கேட் தேர்வுல சொந்த கால்குலேட்டருக்கே தடா. திரையில வர்ற கால்குலேட்டர்தான், அதுல ‘சால்வ்’ பட்டனும் கிடையாது. அதனால இந்த ‘ஆன்ஸ்’ வித்தை கைவசம் இருக்கறது நல்லது.

இப்போ கொஞ்சம் சீரியஸான கணக்கு. 10 செ.மீ. ஆரமுள்ள மரப்பந்து. தண்ணியோட ஒப்பிட்டா அடர்த்தி 0.6. தண்ணில போட்டா எவ்வளவு ஆழம் முங்கும்? ஆர்க்கிமிடீஸை வரவழைச்சு, ஆரத்தை 1-னு வச்சுக்கிட்டா, ஆழத்தின் கனம் – 3 × ஆழத்தின் வர்க்கம் + 2.4 = 0. அந்த 2.4, 4 × 0.6-ல இருந்து வருது. பாதிக்கு மேல அடர்த்தி இருக்கறதால பந்து பாதியாவது முங்கும் இல்லையா? ஸோ, 1-ல ஆரம்பிக்கலாம். 1 தட்டி ‘=’. அப்புறம் நியூட்டன்-ராப்சன்:

ஆன்ஸ் – (ஆன்ஸ்³ – 3 ஆன்ஸ்² + 2.4) ÷ (3 ஆன்ஸ்² – 6 ஆன்ஸ்)

‘=’... 1.1333. இன்னொரு ‘=’... 1.1341. அவ்ளோதான்! 11.34 செ.மீ. முங்கும். காஸ் கணக்குல அறுபது தட்டல், இங்கே ரெண்டு மூணு. நியூட்டன்னா சும்மாவா!

இதே ஃபார்முலாவை 3-ல ஆரம்பிங்க. 2.661-ல போய் உட்காரும். அதாவது 26.6 செ.மீ. பந்தோட விட்டமே 20 செ.மீ.தான் பாஸ்! மைனஸ் 1-ல ஆரம்பிச்சா மைனஸ் 0.795. பந்து தண்ணிக்கு மேல 8 செ.மீ. உயரத்துல அந்தரத்துல மிதக்குது! 0 அல்லது 2-ல ஆரம்பிச்சா கீழே வகுக்கற நம்பர் பூஜ்யமாகி நேரா எர்ரர்.

இங்கேதான் சமாசாரம். மூணுமே அந்தச் சமன்பாட்டுக்குச் சரியான விடைதான். இ.எஸ். மாடல்ல ‘சால்வ்’ போட்டா விடைக்குக் கீழே ‘எல் – ஆர் = 0’னு சர்டிஃபிகேட்டும் கொடுக்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் சமம்ங்கறதுதான் அதுக்கு அர்த்தம். பந்து எங்கே இருக்குன்னு கால்குலேட்டருக்கு என்ன தெரியும், பாவம்!

இன்னொரு விஷயத்தைக் கவனிச்சிருக்கீங்களா? ‘சால்வ்’ தட்டினதும் திரையில ஒரு நம்பர் காட்டும். எக்ஸ் மெமரியில போன கணக்கு விட்டுட்டுப் போன மிச்சம் அது. அவசரத்துல யோசிக்காம ஓகே பண்ணிட்டா, அந்த மிச்சம்தான் இந்தக் கணக்குக்கு ஆரம்பப்புள்ளி. ஒரே கணக்கு, ஒரே மாடல், பக்கத்து பெஞ்சுக்கு ஒரு விடை, உங்களுக்கு ஒரு விடைன்னு வந்தா முதல்ல இதைச் சந்தேகப்படுங்க.

கையடக்கக் கால்குலேட்டர்ல ‘சால்வ்’ பட்டனை முதல்ல கொண்டுவந்தது 1979-ல் வந்த எச்.பி.-34சி. அதுக்குப் பின்னாடி மூளையைக் கசக்கினவர்கள்ல ஒருத்தர் பெர்க்லி பேராசிரியர் வில்லியம் கஹான். 1989-ல் டூரிங் விருது வாங்கினவர். அந்த மெஷின்ல நீங்க சமன்பாட்டை புரோகிராமா எழுதணும். அப்புறம் ஒண்ணு இல்லை, ரெண்டு கெஸ் கொடுக்கணும். விடை எந்தப் பக்கம்னு மெஷினுக்கு நீங்கதான் சொல்லியாகணும்.

சரி, நியூமரிக்கல் மெத்தட்ஸ் பேப்பர்ல விடையை மட்டும் எழுதினா மார்க் போடுவாங்களா? ம்ஹூம். ஒவ்வொரு சுற்றும் வேணும். ‘சால்வ்’ அதைக் காட்டாது; ‘ஆன்ஸ்’ வித்தை ஒவ்வொரு ‘=’-க்கும் ஒரு வரி கொடுக்கும். அப்படியே காப்பி பண்ணிக்கலாம். கடைசி விடையை மட்டும் ‘சால்வ்’ல ஒருமுறை சரிபார்த்துக்கங்க.

இந்த வாரத்துக்கு ஒரு கணக்கு: மரத்துக்குப் பதிலா 0.25 அடர்த்தியில ஒரு தக்கைப் பந்து. அதே 10 செ.மீ. ஆரம். 2.4-ஐ 1 ஆக்கிட்டு, 1-லயே ஆரம்பிங்க. 6.53 செ.மீ. வருதா?