சின்னக் கப்பல், பெரிய காசு!

திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் சீசன் டிக்கெட்டில் தினமும் போய் வருகிறவர்களுக்கு உலக ஞானம் அதிகம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அரக்கோணம் வருவதற்குள் அமெரிக்காவைச் சரி பண்ணிவிடுவோம். திருவள்ளூருக்குள் கிரிக்கெட் டீமை மாற்றிவிடுவோம். அதற்கப்புறம் கூட்டம் ஏறிவிடும். மூச்சு விடத்தான் இடம் இருக்கும்.

அப்படி ஒரு நாள், எங்கள் கோஷ்டியின் கடைக்குட்டி போனை நீட்டினான். பையனுக்குத் தை மாசம் கல்யாணம். தேனிலவுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறான்.

"அண்ணே, கப்பல்லயே ஜப்பானைச் சுத்தி வரலாமாம். படத்தைப் பாருங்க."

படம் ஜோராகத்தான் இருந்தது. நீலக் கடல், பச்சைத் தீவு, கடல் தண்ணீருக்குள் நிற்கும் ஒரு சிவப்பு வாசல். கீழே கட்டணம், தலைக்கு இவ்வளவு என்று. கேஷியர் அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். சைபர் ஒன்றுகூடக் குறையவில்லை.

"ரொம்பப் பெரிய கப்பலோ?"

"இல்லண்ணே, சின்னக் கப்பல். அதான் விசேஷமாம். பெரிய கப்பல்னா இதுல பாதிகூட ஆகாது."

"இதென்னப்பா அநியாயம்! சின்னதுக்கு எவனாவது அதிக விலை குடுப்பானா?"

"ஓட்டல்ல மினி இட்லி என்ன விலை சார்?" என்று ஜன்னலோர சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. கேஷியர் அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

பி.காம். படித்தவன் என்பதால் வழக்கு என்னிடம் வந்தது. (நான் வாங்கிய பட்டத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே மரியாதை இதுதான்.)

விசாரித்தேன். 2024 இல் ஓட ஆரம்பித்த ‘ஐகான் ஆஃப் த ஸீஸ்’ என்ற உல்லாசக் கப்பலில் இருபது தளங்கள். நிரப்பினால் 7,600 பேர் வரை ஏறலாம். அளவு கிட்டத்தட்ட 2,50,000 கிராஸ் டன். (இது எடை இல்லையாம். கப்பலுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதன் கணக்கு. நானும் எடை என்றுதான் நினைத்து, மிதப்பதே ஆச்சரியம் என்றிருந்தேன்.) அவ்வளவு பெரிய கப்பலுக்கும் கேப்டன் ஒருத்தர்தான். அவர் சம்பளத்தை ஏழாயிரம் பேர் பங்கு போட்டுக்கொண்டால் தலைக்கு டீக்காசு.

இந்தப் பக்கம் ஜப்பானில் 2017 முதல் ஒரு கப்பல் ஓடுகிறது. இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துவிட்டு நான் அதை ‘குண்டு’ என்று படித்தேன். ஜப்பான்காரர் வாயில் அது ‘கன்ட்ஸூ’. அந்தப் பக்கத்துப் பேச்சில் சின்ன நீல நண்டுக்குப் பெயர். பெயர் எப்படியிருந்தாலும் ஆள் ஒல்லி. மொத்தமே 19 அறை, 38 பயணிகள். ஹிரோஷிமா மாநிலத்தில் ஒனோமிச்சி என்ற ஊரிலிருந்து கிளம்பி, செட்டோ உள்கடலில் தீவு தீவாகச் சுற்றுகிறது. இதிலும் கேப்டன் உண்டு, சமையல்காரர் உண்டு, எஞ்சினுக்கு எண்ணெய் உண்டு. அத்தனையையும் 38 ஆல் வகுக்க வேண்டும். இதைத்தான் எங்கள் காலேஜில் ‘நிலையான செலவு’ என்று மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போதுதான் புரிந்தது.

சரி, அவ்வளவு கொடுத்து எதற்குச் சின்னக் கப்பல்?

ஜப்பான் என்பது நாலு பெரிய தீவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். 2023 இல் அந்த நாட்டு நில அளவைத் துறை புதிய மின்னணு வரைபடத்தை வைத்துக்கொண்டு மறுபடி எண்ணியது. முன்பு 6,852 தீவு என்று சொல்லிவந்தது, இப்போது 14,125! நிலம் கூடவில்லை, எண்ணிக்கை மட்டும் இரண்டு மடங்கு. (நம் ஊர் ரியல் எஸ்டேட்காரர் யாரையாவது ஆலோசனைக்கு அழைத்திருப்பார்களோ என்று சந்தேகம்.) செட்டோ உள்கடலில் மட்டும் சுமார் எழுநூறு தீவு. பெரிய கப்பல் பெரிய துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டும். சின்னக் கப்பல் மீன்பிடி கிராமத்தின் வாசலுக்கே போய் நங்கூரம் போடும். வித்தியாசம் அவ்வளவுதான். காசும் அதற்குத்தான்.

இன்னொரு சங்கதி. ஜப்பானைச் சுற்றும் வெளிநாட்டுக் கப்பல்களின் அட்டவணையில் திடீரென்று தென்கொரியாவின் பூசான் துறைமுகம் எட்டிப் பார்க்கும். இலவச இணைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சொந்த நாட்டுத் துறைமுகங்களுக்கு நடுவே ஆள் ஏற்றுகிற வேலையை ஜப்பான் தன் கொடிக் கப்பல்களுக்கே வைத்துக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுக் கப்பல் நடுவில் ஒரு வெளிநாட்டைத் தொட்டுவிட்டு வந்தால்தான் சட்டம் ஒத்துக்கொள்ளும்.

ஆக, கணக்கு புரிந்தது. பணம்தான் வரவில்லை. நம் ஜனங்களுக்கு ஜப்பானைச் சல்லிசாகச் சுற்றிக் காட்டியவர் எம்.ஜி.ஆர். ஒருவர்தான். 1970 ஒசாகா கண்காட்சியில் படம் பிடித்து, 1973 இல் ‘உலகம் சுற்றும் வாலிப’னில் காட்டினார். தரை டிக்கெட் விலையில் ஜப்பான்! அந்தக் காலம் போயே போச்சு.

பையனின் முகம் வாடிவிட்டது. "தம்பி, உன் பட்ஜெட்டுக்கும் ஒரு சின்னக் கப்பல் இருக்கு. நான் போய் வந்திருக்கேன்" என்றேன்.

"எங்கண்ணே?"

"நாகப்பட்டினம்."

கோஷ்டி சிரித்தது. சிரிக்கட்டும்.

நான் போனது 2025 மார்ச்சில். பெரிய காரணம் ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் எடுத்து எட்டு வருஷம் ஆகியும் அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. "ஏங்க, இதுக்குப் பேசாம ரேஷன் கார்டையே இன்னொரு காப்பி எடுத்து வெச்சிருக்கலாமே" என்றாள் மனைவி. முருகனுக்குச் சினம் தணிந்த இடம் திருத்தணி என்பார்கள். எனக்கு ரோஷம் வந்ததும் அங்கேதான். கிளம்பினேன். அம்மா முதல் நாளே 365 படி ஏறி இறங்கி, விபூதிப் பொட்டலம் ஒன்றைச் சட்டைப் பையில் திணித்தார். காரைக்கால் எக்ஸ்பிரஸில் ஏறி, விடியற்காலையில் நாகையில் இறங்கினேன்.

கப்பல் பெயர் ‘சிவகங்கை’. 150 பேர் போகலாம். போகிற இடம் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை. தூரம் சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். ஏறக்குறைய திருத்தணியிலிருந்து சென்னை போய்த் திரும்புகிற நேரம்தான். பாஸ்போர்ட், குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் உண்டு.

ஆயிரம் வருஷத்துக்கு முன் சோழர்களுக்குப் பெருந்துறைமுகமாக இருந்த ஊர் நாகப்பட்டினம். அங்கிருந்து நான் அவோமின் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கையில் எலுமிச்சம்பழத்தோடு புறப்பட்டேன். ஒரு மணி நேரம் வீரமாக இருந்தேன். அப்புறம் ஆட்டம் ஆரம்பித்தது. ‘சும்மா உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது கண். ‘இல்லை, ஆடுகிறோம்’ என்கிறது காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு. இருவருக்கும் சண்டை, தீர்ப்பு வயிற்றில். சின்னக் கப்பலில் சண்டை இன்னும் பலம்.

"என்ன தம்பி, தலை சுத்துதோ? தூரத்திலை கடலும் வானமும் சேர்ற இடத்தைப் பாருங்கோ. கீழை பாக்காதையுங்கோ."

பக்கத்து சீட்டு அம்மா. எழுபது வயசிருக்கும். மகள் சென்னையில் இருக்கிறாளாம். பேத்தியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார். சொன்னபடி பார்த்தேன். வயிறு கொஞ்சம் அடங்கியது.

"நீங்க அடிக்கடி கப்பல்ல போவீங்களாம்மா?"

அவர் சிரித்தார். "முந்தி ஒருக்கா வந்தனாங்கள். 1990 இலை. காங்கேசன்துறைக்குப் பக்கத்திலைதான் வீடு. சண்டை துவங்கினவுடனை எல்லாத்தையும் விட்டிட்டு, மன்னாருக்குப் போய், அங்கையிருந்து ராமேஸ்வரத்துக்கு வள்ளத்திலை வந்தனாங்கள். இரவு. இருட்டு. மடியிலை ரெண்டு பிள்ளையள். டிக்கெட்டும் இல்லை, பாஸ்போட்டும் இல்லை. அழக்கூடாது எண்டு பிள்ளையின்ரை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்."

எனக்குத் தலைசுற்றல் நின்றுவிட்டது.

இந்தக் கடலுக்கு எத்தனை கதை! 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் ஓடியது. எழும்பூரில் போட் மெயில் ஏறினால் கொழும்பில் இறங்கலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பல், 1980களில் சண்டை வந்ததும் நின்றது. போர் முடிந்தபின் 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஒரு பெரிய கப்பல் விட்டார்கள். ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’, ஆயிரம் பேருக்கு இடம். சில மாதங்களில் நின்றுபோனது. ஒவ்வொரு தடவையும் ஆயிரம் பேருக்கு எங்கே போவது?

2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து ‘செரியபாணி’ என்ற சின்னக் கப்பல் கிளம்பியது. 150 சீட், முதல் நாள் போனவர் 50 பேர். ஒரு வாரத்தில் வானிலை மாறி அதுவும் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று ‘சிவகங்கை’ வந்தது. அப்போது வரி நீங்கலாக ஒரு வழிக்குச் சுமார் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். நாகைத் துறைமுகச் செலவில் ஒரு பங்கை இந்திய அரசு ஏற்றுக்கொண்டது.

பி.காம். மூளையை இங்கேயும் விடவில்லை. 38 பேருக்கு ஓடும் ஜப்பான் கப்பல், பணக்காரர்கள் இருப்பதால் ஓடுகிறது. இந்தக் கப்பலில் ஏறுகிறவர்கள் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், ஜவுளி எடுக்க வருகிறவர்கள். ஐம்பது பேர் வந்தாலும் எண்ணெய்ச் செலவு அதேதான். காலி சீட் நிறைய ஆனால் ஒரு நாள் இதுவும் நிற்கும். அப்போது இந்த அம்மா விமானத்துக்குத்தான் காசு சேர்க்க வேண்டும்.

"தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார்.

"திருத்தணி."

"முருகன் ஊரோ!" என்று இருந்த இடத்திலேயே கைகூப்பினார். சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பிரித்து, நெற்றியில் பூசி, மிச்சத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

"நீங்கள் இறங்கப் போற இடமும் அவரின்ரைதான். காங்கேயன் எண்டால் முருகன். மாவிட்டபுரத்துக் கோயிலுக்கு இந்தியாவிலையிருந்து வந்த முருகன் சிலையைக் கப்பலாலை இறக்கின துறை எண்டுதான் காங்கேசன்துறை எண்டு பேர் வந்ததாம்."

முருகனும் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறார். அவருக்கு அவோமின் யார் கொடுத்தார்களோ!

கரை தெரிந்தது. 1990 இல் மூடிய சிமெண்ட் ஆலையைக் கை நீட்டிக் காட்டினார். "வீடு இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"கன வருசம் ஆமி வச்சிருந்தது. திருப்பித் தந்தவுடனை போய்ப் பாத்தம். வீடு இல்லை. கிணறு மட்டும் இருந்தது. தண்ணி நல்ல தண்ணி. அதுக்குப் பக்கத்திலை சின்னதா ஒண்டு கட்டியிருக்கிறம்."

இறங்கும்போது அவர் பையைத் தூக்கி வந்தேன். வெளியே தம்பி மகன் ஆட்டோவோடு நின்றான். என் பாஸ்போர்ட்டில் முதல் முத்திரை விழுந்திருந்தது. அதை மனைவியிடம் காட்டிப் பெருமையடிக்க வேண்டும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

இதை ரயிலில் சொல்லி முடித்தபோது திருவள்ளூர் தாண்டி, கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, தையில ஓடுமா?" என்றான் கடைக்குட்டி.

"வடகிழக்குப் பருவக்காத்து சமயத்துல நிறுத்திடுவாங்க. தையில சந்தேகம்தான். பங்குனியில கேட்டுப் பாரு."

மறுநாள் வந்து சொன்னான். "தேனிலவுக்கு நாகப்பட்டினமா?" என்று மாமியார் வீட்டில் ஒரே கலாட்டாவாம். ஆனால் பெண் சொல்லிவிட்டாளாம், கடலில் போனதே இல்லை, சின்னக் கப்பலானாலும் பரவாயில்லை, பங்குனியிலேயே போகலாம் என்று.

கேஷியர் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன ஜெராக்ஸ் வேண்டும் என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

அம்மாவிடம் சொல்லி இன்னொரு விபூதிப் பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன். பையனிடம் கொடுத்தனுப்ப வேண்டும். ஒரே சிக்கல், அந்த அம்மாவின் விலாசத்தைக் கேட்டு வைக்கவில்லை. வீடு போய்க் கிணறு மட்டும் மிஞ்சிய வீடு என்று விசாரித்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, அந்தப் பக்கத்தில் அப்படி எத்தனை வீடு இருக்குமோ!