சிறு பழுது எனத் தீர்ப்பளிப்பவர் யார்?

யாங்கோன் நகரின் புறத்தே ஒரு பாரவூர்தி மண்டலே நோக்கிப் புறப்பட ஆயத்தமாக நிற்கின்றது எனக் கற்பனை செய்து பார்க்கலாம். செல்ல வேண்டிய தொலைவு ஏறத்தாழ 600 கிலோமீற்றர். ஏற்றப்பட்டிருப்பவை மருந்துப் பெட்டிகளும் சமையல் எண்ணெயும். இயந்திரத்தில் குறையில்லை, ஆனால் இடப்பக்கக் கண்ணாடி உடைந்திருக்கின்றது. "சின்னப் பழுதுதானே, போய் வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்கின்றார் உரிமையாளர். வண்டி நின்றால் கூலியும் நின்றுவிடும் என்பதைச் சாரதி அறிவார். அவர் வண்டியை எடுக்கலாமா, கூடாதா?

எடுக்கலாம் என்போரின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2021 பெப்ரவரி 1 ஆம் நாள் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் அந்நாட்டு நாணயமான கியாட் பெரும் சரிவைச் சந்தித்தது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய உதிரிப்பாகங்களின் விலை சாமானியர்களின் கைக்கு எட்டாததாயிற்று. 2025 மார்ச் 28 இல் மண்டலே, சகாயிங் பகுதிகளை 7.7 அளவிலான நிலநடுக்கம் தாக்கியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது யாங்கோன் மக்கள் தண்ணீரையும் அரிசியையும் மருந்தையும் கிடைத்த வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வெடித்துப்போன நெடுஞ்சாலை வழியாக வடக்கே விரைந்தனர். கீறல் விழுந்த வண்டிகளையெல்லாம் அன்று நிறுத்தியிருந்தால் எத்தனை பேர் தாகத்தால் தவித்திருப்பர்?

அன்றியும், பழையதைப் பழுதுபார்த்து ஓட்டுவது அந்த நகரத்தின் இயல்பாகவே இருந்து வந்திருக்கின்றது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகள் விட்டுச் சென்ற செவ்ரோலெட் இராணுவ வண்டிகள், மரக்கூடு பொருத்தப்பட்டு, அரை நூற்றாண்டுக்கும் மேலாக யாங்கோன் வீதிகளில் பேருந்துகளாக ஓடின. அவற்றை ஓடவைத்த தொழிலாளரின் கைத்திறன் போற்றுதற்குரியது. ஆகவே, எந்தப் பழுதாயினும் வண்டி நிற்கவேண்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாத வாதமே.

ஆயினும் அந்த இடப்பக்கக் கண்ணாடியை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

மியன்மாரில் 1970 ஆம் ஆண்டு வரை வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகச் சென்றன. அவ்வாண்டு வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்டது. ஆனால் நாட்டுக்குள் வந்த வாகனங்களிற் பெரும்பாலானவை யப்பானிற் பயன்படுத்தப்பட்டவை. அவற்றின் சுக்கான் வலப்பக்கத்தில் இருப்பது. இடப்பக்கச் சுக்கான் கொண்ட வாகனங்களையே இறக்குமதி செய்ய வேண்டுமென்ற விதி 2010களின் பிற்பகுதியிலேதான் வந்தது. ஆகவே பழைய வண்டியின் சாரதி வீதியின் ஓரத்தை ஒட்டி அமர்ந்திருக்கின்றார். எதிரே வரும் வாகனமும், பின்னாலிருந்து முந்திவரும் வாகனமும் அவருக்கு அப்பால், இடப்பக்கத்திலேயே வருகின்றன. முன்னால் செல்லும் வண்டியை முந்த வேண்டுமாயின் இடப்பக்க இருக்கையில் இருக்கும் உதவியாள் எட்டிப்பார்த்துச் சொல்ல வேண்டும். "ஸ்பேர்" என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபே அங்கு அந்த உதவியாளின் பெயராகிவிட்டது. தமிழகத்தில் அவரைக் கிளீனர் என்பர்.

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இடப்பக்கக் கண்ணாடி பெரும்பாலும் வீதியோரத்தைக் காட்டுவது. யாங்கோனில் அதே வண்டியின் அதே கண்ணாடி உயிர் போகும் பக்கத்தைக் காட்டுவது. அது உடைந்தால் எஞ்சியிருப்பது உறக்கம் கலையாத ஓர் உதவியாளின் குரல் மட்டுமே. பொருள் ஒன்று, விலை ஒன்று. ஆபத்து மட்டும் ஒன்றல்ல.

முகப்பு விளக்கும் இத்தகையதே. இடப்பக்கப் போக்குவரத்துக்கென அமைந்த விளக்கு, தாழ்ந்த ஒளியிலும் இடப்பக்க ஓரத்தைச் சற்று உயர்த்திக் காட்டும். மியன்மாரில் அந்த இடப்பக்கத்திலிருந்துதான் எதிர் வாகனம் வருகின்றது. இயல்பாகவே எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் அவ்விளக்கு, பிடி தளர்ந்து சற்றே திரும்பிவிட்டால் என்ன ஆகும்? மழைநீரைத் துடைக்கும் கருவியும் அவ்வாறே. யாங்கோனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதில் மிகப்பெரும் பகுதி மே முதல் ஒக்டோபர் வரையிலேயே கொட்டித் தீர்க்கின்றது. சனவரியில் அக்கருவி பழுதானால் அது சிறு பழுது. யூலையில் அது சிறு பழுதன்று.

இதிலிருந்து பெறப்படும் உண்மை எளியது. பழுதின் அளவு அப்பாகத்தின் விலையில் இல்லை. எந்த வீதியில், எந்த வேளையில், எவ்வளவு பாரத்துடன் என்பவற்றிலேயே அது தங்கியிருக்கின்றது.

புலம்பெயர்ந்த தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் இதனை ஓரளவு உணர்ந்து சட்டமியற்றியுள்ளது. அங்கு 2007 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி பாரவூர்திச் சாரதி நாள்தோறும் வண்டியைச் சோதிக்க வேண்டும். பழுதுகள் சிறியவை, பெரியவை என இரு வகையாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. சிறு பழுதாயின் எழுதிவைத்து நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டு ஓட்டலாம். பெரும் பழுதாயின் ஓட்டவே கூடாது. காற்றழுத்த பிரேக்கில் கசியும் ஓசை கேட்பது சிறு பழுது. அழுத்தம் வரம்பை மீறி விரைந்து குறைவது பெரும் பழுது. தாழ்ந்த ஒளி தரும் முகப்பு விளக்குகள் இரண்டும் எரியாமற் போனால், விளக்கு தேவைப்படும் வேளையில் அது பெரும் பழுது. வேளையும் கணக்கில் எடுக்கப்படுவதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அதே பட்டியலில் உடைந்த கண்ணாடி சிறு பழுதாகவே கொள்ளப்படுகின்றது. சாரதி வீதியின் நடுப்பக்கத்தை ஒட்டி அமரும் நாட்டுக்கு அது பொருந்தலாம். யாங்கோனுக்கு அதனை அப்படியே பெயர்த்தெழுத முடியாது.

பட்டியலினும் முதன்மையான வேறொரு கேள்வி உண்டு. பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் யார் என்பதே அது. வண்டி நின்றால் நட்டமடைபவர் உரிமையாளர். வண்டி கவிழ்ந்தால் மாள்பவர் சாரதி. "இது சிறு பழுது" என்ற தீர்ப்பை மட்டும் நட்டமடைபவரே வழங்குகின்றார். அன்றைய இரங்கூன் துறைமுகத்திலும் நெல் ஆலைகளிலும் உழைத்த தமிழரும் தெலுங்கரும் இந்த நிலையை நன்கறிந்தவர்கள். மேஸ்திரியிடம் முன்பணம் பெற்றுக் கடல் கடந்தவர், ஆபத்தான வேலையைக் கண்டு "மாட்டேன்" என்று சொல்லும் நிலையில் இருக்கவில்லை. கடன் அவரது வாயைக் கட்டியது.

அனைத்துலகத் தொழில் அமைப்பின் 1981 ஆம் ஆண்டு 155 ஆம் சமவாயம், உயிருக்கு உடனடியான கடும் ஆபத்து உண்டென நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளி பாதுகாக்கப்பட வேண்டும் என்கின்றது. 2022 இல் அச்சமவாயம் அடிப்படைச் சமவாயங்களுள் ஒன்றாக உயர்த்தப்பட்டது. ஆனால் 2021 இல் தொழிற்சங்கங்கள் பல சட்டவிரோதமானவை என அறிவிக்கப்பட்ட ஒரு நாட்டில், தனியொரு சாரதி எவருடைய துணையுடன் அந்த உரிமையைக் கோருவார்?

செல்வந்த நாடுகளில் இச்சிக்கல் தீர்ந்துவிட்டது என எண்ணுவதும் பிழை. 2015 பெப்ரவரியில் இங்கிலாந்தின் பாத் நகரில் செங்குத்தான வீதியொன்றில் இறங்கிய பாரவூர்தியின் பிரேக் செயலிழந்தது. ஒரு சிறுமி உட்பட நால்வர் உயிரிழந்தனர். பிரேக்குகள் நெடுநாளாகப் பராமரிப்பின்றி இருந்தமை விசாரணையில் வெளிவந்தது. அனுபவம் குறைந்த இளஞ்சாரதி குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். உரிமையாளரும் வண்டியைச் சோதித்த தொழில்நுட்பவியலாளரும் மனிதக்கொலைக் குற்றத்துக்காக 2017 சனவரியில் சிறைக்கு அனுப்பப்பட்டனர். பொறுப்பு எங்கே இருக்கின்றது என்பதை அந்த நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆயினும் நால்வர் மாண்ட பின்னரே சொன்னது.

அவ்வாறாயின், சாரதிகள் சிறு பழுதுடன் ஓட்டலாமா? ஓட்டலாம், மூன்று நிபந்தனைகளுடன். முதலாவது, பிரேக், டயர், சுக்கான், பார்வை, இணைப்பு ஆகிய ஐந்தையும் தொடாத பழுதாக இருக்க வேண்டும். நசுங்கிய முன்தகடும் கீறல் விழுந்த கதவும் எவரையும் கொல்வதில்லை. இரண்டாவது, பழுது எழுத்தில் பதியப்பட்டு, திருத்தும் நாளும் குறிக்கப்பட வேண்டும். நாள் குறிக்கப்படாத சிறு பழுது மற்றொரு சிறு பழுதுடன் சேர்ந்து பெரும் பழுதாகும். மூன்றாவது, நிறுத்துவதென்ற முடிவு சாரதியுடையதாகவும், அந்நாளுக்குரிய கூலி உரிமையாளருடையதாகவும் இருக்க வேண்டும். இம்மூன்றாவது இல்லையேல் முதலிரண்டும் வெறும் தாளிலேயே இருக்கும்.

இது யாங்கோனோடு முடிந்துவிடும் செய்தியன்று. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரவூர்தி ஓட்டும் தமிழ்த் தந்தையர் உள்ளனர். இரண்டு மூன்று வண்டிகளை வைத்துத் தொழில் நடத்தும் தமிழ் முதலாளிகளும் உள்ளனர். பள்ளி முடிந்து மாலையில் உணவு விநியோகத்துக்குச் செல்லும் இளையோரும் உள்ளனர். "எப்படியாவது சமாளி" என்பது அகதியாக வந்திறங்கிய தலைமுறையைக் காத்த சொல். அதே சொல், தேய்ந்த டயருடன் பனிமழையில் மகனை வேலைக்கு அனுப்பும்போது அவனைக் காக்காது. முதல் வேலைக்குச் செல்லும் பிள்ளைக்கு வாகனம் ஓட்டக் கற்பிக்கும் பெற்றோர், வாகனத்தை எடுக்க மறுக்கவும் கற்பிக்க வேண்டும். முதலாளியாக இருக்கும் தமிழரோ, மறுத்த பிள்ளையின் அன்றைய சம்பளத்தை வெட்டாதிருக்கக் கற்க வேண்டும்.