லீற்றரும் கிலோகிராமும்

கடையிலே மண்ணெண்ணெயை நாம் அளந்து வாங்குகின்றோம். ஆகாயவிமானியோ தன் எரிபொருளை நிறையிலேயே கணக்கிடுகின்றார். இதற்குத் தக்க காரணம் உண்டு.

ஜெற் விமானங்கள் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எரிபொருளையே பெரும்பாலும் உபயோகிக்கின்றன. அதில் ஒரு கிலோகிராம் எரியும்போது ஏறக்குறைய 43 மெகாயூல் சக்தி வெளிப்படும். எந்த ஆலையில் வடித்தெடுத்தாலும் இவ்வளவு பெரிதும் மாறுவதில்லை. ஆனால், ஒரு லீற்றரின் நிறை அத்தகையதன்று. 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் அது 0.775 முதல் 0.840 கிலோகிராம் வரை இருக்கலாம். வெப்பம் ஏற எண்ணெய் விரியும்; அப்போது ஒவ்வொரு லீற்றரிலும் அடங்கியுள்ள சக்தியும் குறையும். ஆகவே, எவ்வளவு தூரம் பறக்கலாம் என்பதை லீற்றர் கூறாது, நிறையே கூறும். லீற்றரை நிறையாக மாற்ற அடர்த்தியை அறிதல் வேண்டும்.

இம்மாற்றத்திற் பிழை நேர்ந்தால் என்னாகும்? கனடாவில் 1983 ஆம் ஆண்டு யூலை 23 ஆந் திகதி நிகழ்ந்ததைக் கேளுங்கள். எயர் கனடாவின் போயிங் 767 விமானமொன்று மொன்றியலிலிருந்து எட்மன்ரனுக்குப் புறப்பட இருந்தது. எரிபொருட் காட்டிகள் பழுதுற்றிருந்தமையால், அளவுகோலால் தாங்கிகளை அளந்தனர். இருந்தது 7,682 லீற்றர். தேவைப்பட்டது 22,300 கிலோகிராம். 0.8 அளவான எண்ணாற் பெருக்க வேண்டியவர்கள் 1.77 ஆற் பெருக்கினர். அது லீற்றரை இறாத்தலாக மாற்றும் எண்! வந்த விடை 13,597. அதனைக் கிலோகிராம் என்று கொண்டனர். உண்மையில் இருந்ததோ 6,200 கிலோகிராமுக்கும் குறைவு. ஆதலால், 20,000 லீற்றருக்கு மேல் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,916 லீற்றரே போதுமென்று கணக்கு முடிந்தது.

41,000 அடி உயரத்திற் பறக்கையில் எச்சரிக்கை மணி ஒலித்தது. சற்று நேரத்தில் இயந்திரங்கள் இரண்டும் நின்றன. நல்வினைப் பயனாக, விமானி றொபேட் பியர்சன் இயந்திரமில்லா மிதவை விமானங்களைச் செலுத்திப் பழகியவர். கிம்லி என்னுமிடத்திலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் அவர் விமானத்தை இறக்கினார். அதிலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

பெருக்கலிற் பிழையில்லை, 1.77 என்ற எண்ணிலும் பிழையில்லை. அவ்வெண் எந்த அலகுக்கு உரியது என்பதை நோக்காமையே பிழை. விடை சரியாயிருந்தும், அலகு எழுதாமைக்கு ஆசிரியர் புள்ளியைக் குறைத்தாரே என்று மனம் வருந்தும் மாணவர்கள், கிம்லியை ஒருமுறை நினைத்துக்கொள்வார்களாக.