நாகரிகம் வளர்த்த ஆறும், நம் பிள்ளைகளைச் சுமந்த ஆறும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களிடம் இப்போது பெருமையாகச் சொல்ல ஒரு எண் இருக்கிறது: கி.மு. 2172. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் 2021இல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியது. 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்: தமிழ்நாட்டில் இரும்பின் வயது 4,200 ஆண்டுகள். 2025 ஜனவரியில் வந்த அறிக்கை, சிவகளையை முன்வைத்து அதை கி.மு. 3345 வரை கொண்டு போனது.

எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப் பேசியபோது, ஒசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த ஒரு தங்கை கேட்டார்: "அந்த இரும்பை உருக்கினது யாருண்ணா? கரி சுமந்தது யாரு? அவங்களுக்கு என்ன கூலி?" கூட்டம் அமைதியாகிவிட்டது. பழங்காலத்தைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான் என்று அன்று எங்களுக்குப் பட்டது.

வழக்கமாக நமக்குச் சொல்லித் தரப்படுவது வேறு. ஆற்றங்கரை நாகரிகங்களில் பெண்கள் உயர்ந்த நிலையில் இருந்தார்கள் என்பார்கள். சாட்சிக்கு ராணிகளைக் கூட்டி வருவார்கள். எகிப்தில் ஹட்செப்சுட் பாரோவாகவே ஆண்டார். மெசபடோமியாவில் சார்கோன் மன்னரின் மகள் என்ஹெடுவன்னா கோயில் தலைமைப் பூசாரி. உலகில் பெயர் தெரிந்த முதல் எழுத்தாளரும் அவர்தான். எல்லாம் உண்மை. ஆனால் ஒரு பெண் அரியணையில் இருந்தால், அவர் வீட்டில் மாவரைத்த பெண்ணுக்கு விடுதலை கிடைத்துவிட்டதா?

யூப்ரடீஸ் கரையில் இருந்த ஒரு நகரத்தின் பெயரே ஊர். ஊர் என்றாலே நமக்குச் சேரியும் சேர்ந்துதான் நினைவுக்கு வரும். அங்கே லெனார்ட் வூலி தோண்டிய அரச கல்லறைகளில் ஒரு குழியில் 74 உடல்கள் கிடைத்தன. அவற்றில் 68 பெண்கள். எஜமானர் செத்தபோது கூடவே புதைக்கப்பட்டவர்கள். பக்கத்திலேயே பூவாபி ராணியின் தங்க நகைகள். அருங்காட்சியகத்தில் நாம் பார்ப்பது நகைகளைத்தான்.

அதே நாட்டில் சில நூற்றாண்டுகள் கழித்து, கி.மு. 2100 வாக்கில், கூலிக் கணக்கைக் களிமண் பலகைகளில் எழுதி வைத்தார்கள். ஆண் தொழிலாளிக்குப் பொதுவாக மாதம் 60 சிலா வாற்கோதுமை, பெண்ணுக்கு 30. ஒரு சிலா ஏறத்தாழ ஒரு லிட்டர். நெசவுக் கூடங்களில் ஆயிரக்கணக்கில் பெண்களும் குழந்தைகளும் வேலை செய்தார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்று இந்தியா 1976இல் சட்டம் போட்டது. அரைக் கூலியின் வயது 4,000 ஆண்டுகளுக்கு மேல். விடிவதற்கு முன் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஹம்முராபியின் சட்டம் இன்னும் வெளிப்படையானது. கர்ப்பிணியை அடித்துக் கருக் கலைந்தால் அபராதம் எவ்வளவு? மேல்நிலைக் குடிமகனின் மகள் என்றால் 10 ஷெகல் வெள்ளி. அடுத்த நிலைக்காரரின் மகள் என்றால் 5. அடிமைப் பெண் என்றால் 2. அடி ஒன்றுதான், வலி ஒன்றுதான், விலை மட்டும் மூன்று. அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை எப்படி இருக்கும் என்று பார்க்க, கல்லில் வெட்டிய இந்த மூன்று எண்கள் போதும்.

சிந்துவெளி இதிலிருந்து வேறுபட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அங்கே ஊர் நகரத்தைப் போன்ற அரச கல்லறை இல்லை, அரண்மனை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய கட்டடமும் இல்லை. எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. அப்படியிருந்தும் மொகஞ்சதாரோவில் கிடைத்த இரண்டு சிலைகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் பாருங்கள். சால்வை போர்த்திய ஆண் "பூசாரி அரசன்" ஆனார். கை நிறைய வளையலோடு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நிற்கும் பெண் "நடனமாது" ஆனார். அந்தப் பெண் ஆடிக்கொண்டிருக்கவில்லை. நிற்கிறார், அவ்வளவுதான். ஆணைப் பார்த்தால் அதிகாரம் தெரிகிறது, பெண்ணைப் பார்த்தால் ஆட்டம் தெரிகிறது. இது சிலையில் இருப்பதல்ல, பெயர் வைத்தவர் கண்ணில் இருப்பது.

பெயர் வைப்பவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். நம் தெருக்களுக்குக் "காலனி" என்று பெயர் வைத்தவர்கள் நாம் இல்லை. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்ற அறிவிப்பு வர 2025 ஏப்ரல் வரை காத்திருந்தோம்.

மொகஞ்சதாரோவின் மூடிய சாக்கடைகளையும் எல்லாப் பாடநூலும் புகழ்கிறது. கழிவுத் தொட்டிகள் தாமாகக் காலியாகாது. யாரோ இறங்கி அள்ளியிருக்கிறார்கள். அவர்கள் எந்தப் பிரிவினர் என்று நாங்கள் கற்பனை செய்யப் போவதில்லை. 1993, 2013 என்று இரண்டு சட்டங்கள் வந்த பிறகும் மனிதரைக் குழிக்குள் இறக்கும் நாட்டில், வடிகாலின் பெருமையைப் பேசுபவர் அள்ளியவரைப் பற்றி ஒரு வரி சேர்த்துப் பேசட்டும் என்கிறோம்.

இப்போது நம் ஆற்றுக்கு வருவோம். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூருவின் கழிவையும் ஏந்திக்கொண்டு, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கச் சேர்கிறது. மாவட்டத்தின் மறுபக்கம் காவிரி. இந்த மண் நடுகற்களுக்குப் பேர் போனது. வீரனுக்குப் பக்கத்தில் கை உயர்த்தி நிற்கும் பெண்ணின் சதிக்கற்களும் இங்கே உண்டு.

1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் படித்த கட்டுரை நேராக இந்தக் கல்லைத் தொடுகிறது. சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது. அகமணத்தைக் காக்கத்தான் சதியும், கட்டாய விதவைக் கோலமும், சிறுமித் திருமணமும் வந்தன என்றார். பெண்ணின் உடலைக் காவல் காக்காமல் சாதி ஒரு தலைமுறைகூட நிற்காது.

இது பழைய கதை இல்லை. 2018 மார்ச்சில், சாதி மறுப்புத் தம்பதிகளைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அரசுகளுக்கு உத்தரவிட்டது. அந்த நவம்பரில் ஒசூர் அருகே ஒரு கிராமத்தின் தலித் இளைஞரும், அவரை மணந்த பெண்ணும் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டார்கள். அவர்களின் உடல்களைக் கர்நாடகத்தில் காவிரிதான் திருப்பித் தந்தது. 2023 ஏப்ரலில் ஊத்தங்கரை அருகே, தலித் பெண்ணை மணந்த மகனையும், மகன் பக்கம் நின்ற தன் தாயையும் ஒரு தகப்பன் வெட்டிக் கொன்றார். 2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைப்பகுதியில், கட்டாயத் திருமணம் செய்து வைக்கப்பட்ட 14 வயதுச் சிறுமி கதறக் கதறத் தூக்கிச் செல்லப்பட்டதைக் காணொளியில் பார்த்தோம்.

ஆறு நாகரிகத்தை வளர்த்தது என்று எழுதுகிறோம். அதே ஆற்றில்தான் நம் பிள்ளைகளும் மிதந்தார்கள். இரண்டையும் ஒரே பாடத்தில் படிக்க வேண்டும்.

ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச்சட்டத்துக்குப் பரிந்துரை தர, 2025 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது. ஆணையத்தோடு இது முடிந்துவிடக் கூடாது. கொலைக்குப் பிறகான தண்டனை மட்டும் போதாது. மிரட்டல் வந்த அன்றே பாதுகாப்பும், தங்க இடமும், எல்லை தாண்டினாலும் செல்லும் காவலும் சட்டத்தில் இருக்க வேண்டும். கர்நாடகம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நம் பகுதிக்கு அந்தக் கடைசிக் கோரிக்கை உயிர் பிரச்சினை.

மாணவத் தோழர்களே, மயிலாடும்பாறைக்குப் போங்கள், நடுகற்களைத் தேடுங்கள், பெருமைப்படுங்கள். கூடவே அந்தத் தங்கையின் கேள்வியையும் எடுத்துப் போங்கள். யார் சுமந்தது? என்ன கூலி? அவளுக்குப் பிடித்தவரோடு வாழ விட்டார்களா? 4,200 ஆண்டு இரும்பை வைத்திருக்கும் மாவட்டம், இந்த மூன்றாவது கேள்விக்கு இன்னும் "ஆம்" சொல்லவில்லை. அதைச் சொல்ல வைப்பது நம் வேலை.